பரமேஸ் அக்கா திறந்த கதவு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மேல்மாடி வீட்டுக்குக் கள்ளர் வந்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில், பட்டப்பகலில், காலை பத்தரை மணிக்கு.

மேல்மாடியில் இருப்பவர் பரமேஸ் அக்கா. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து எட்டு மாதம். கணவர் உயிரோடு இல்லை. ஒரே மகள் சுகந்தி, இருபத்திரண்டு வயது. வந்த கிழமையே அக்கா என்னிடம் கேட்டார். "தம்பி, ரெண்டு பொம்பிளையள் தனிய இருக்கிறம். நல்ல பூட்டா ஒண்டு பாத்துப் போட்டுத் தாருங்கோ."

இந்த விசயத்தில் நான் ஒரு பெரிய ஆள் என்ற நினைப்பு எனக்கு. விடுவேனா? காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை மிச்சமில்லாமல் ஏறி இறங்கினேன். தொங்கு பூட்டு வேண்டாம் — கொண்டியை நெம்பினால் பூட்டோடு கையில் வரும். சாத்தினால் தானாக விழுகிற பூட்டும் வேண்டாம் — ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகியே திறந்துவிடுவான். கதவுப் பலகைக்குள் பதிக்கிற ஆறு லீவர் பூட்டுத்தான் சரி. நிலைக்கு நீளமான ஸ்குரூ. மேலும் கீழும் தாழ்ப்பாள். வெளியே நிற்பவரைப் பார்க்க ஒரு கண்ணாடித் துளை. தச்சுவேலை பாஸுக்குப் பக்கத்தில் நின்று, அவருக்கு எரிச்சல் வரும்வரை மேற்பார்வை செய்தேன்.

எல்லாம் முடிந்ததும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உள்ளுக்கு இருந்து கெதியாத் திறக்கலாமோ?"

கள்ளனுக்குப் பயந்து பூட்டுப் போடுகிறவர் கேட்கிற கேள்வியா இது? ஆனால் எனக்கு விளங்கியது. உங்களுக்கும் விளங்கும். வீடுவீடாகச் செக்கிங் வருகிற பொலிசும் ஆமியும் இரண்டாம் தரம் தட்டும்போதே கோபத்தோடுதான் தட்டுவார்கள். திறக்கச் சுணங்கினால் உள்ளே யாரையோ ஒளிக்கிறோம் என்று அர்த்தம்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பையும் தொங்கியது. நம் வீடுகளில் எல்லாம் தொங்குகிற பைதான். ஐசி என்கிற அடையாள அட்டைகள், பொலிஸ் பதிவுத் துண்டு, பிறப்புச் சாட்சிப்பத்திரம், இருக்கிற நாலு நகை. கேட்டால் காட்டவும், ஓடவேண்டி வந்தால் தூக்கவும் ஒரே பை.

செவ்வாய் காலை இரண்டு பேர் வந்தார்கள். ஒட்ட வெட்டிய தலைமயிர், சப்பாத்து, ஒருவன் கையில் ஃபைல்.

"பொலிஸ். தொர அரின்ன."

கதவைத் திற என்று சிங்களத்தில் சொன்னால் போதாதா? அக்கா துளையால் பார்க்கவே இல்லை. பார்ப்பதும் ஒரு சுணக்கம்தானே... திறந்தார். ஐசி கேட்டார்கள். பையை எடுத்து வந்தார். ஒருவன் அதைக் கையில் வாங்கினான். சுகந்தியை மேலும் கீழும் பார்த்தான். "செக் பண்ண வேண்டும், பின்னேரம் ஸ்டேஷனுக்கு வந்து எடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பையோடு படியிறங்கிப் போனான்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? "ஸ்துதி மாத்தயா" என்று கைகூப்பி நன்றி சொல்லியிருக்கிறார். பிள்ளையைக் கொண்டுபோகவில்லையே, அதற்காக.

பின்னேரம் நானும் கூடப் போனேன். அக்காவுக்கும் சுகந்திக்கும் அட்டை இல்லை; வழியிலுள்ள செக்பொயின்ற்றில் என் ஐசியைக் காட்டிக் கெஞ்சித்தான் தாண்டினோம். அப்படி யாரையும் நாங்கள் அனுப்பவில்லை என்றார்கள் ஸ்டேஷனில். முறைப்பாடு எழுதிய அதிகாரி நல்ல மனிசன். "பொலிஸ் என்று சொன்னால் உடனே திறப்பதா? முதலில் அவர்களுடைய ஐடென்டிட்டியைக் கேளுங்கள்" என்றார்.

அக்கா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பொலிஸிடம் ஐசி கேட்ட தமிழர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

நகை போனதற்கு அக்கா அழவில்லை. "அது போகட்டும் தம்பி... பிள்ளையின்ர ஐசி" என்றுதான் அழுதார். புது அட்டைக்கு ஊர்க் கிராம சேவகரின் கையொப்பம் வேண்டும். சண்டையால் ஊருக்குப் பாதை இல்லை. அதுவரை சுகந்தி யார் என்று சொல்ல அந்த முறைப்பாட்டுத் துண்டு மட்டும்தான். பூட்டுப் போட்டுக் கொடுத்த பெருமையெல்லாம் வடிந்து, எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து எங்கள் பையை அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன். காலையில் எழும்பி, திரும்பவும் கதவடியிலேயே கொண்டுவந்து கொழுவினேன்.

வியாழக்கிழமை பொரளையில் சுகந்திக்கு வேலை இன்டர்வியூ. துண்டை நம்பிப் போனவளை வழியில் ஒரு செக்பொயின்ற்றில் பஸ்ஸால் இறக்கி, நாலு மணித்தியாலம் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். இன்டர்வியூ போயிற்று. அவள் வந்து கதவைத் தட்டும்போது நான் படியில் நின்றேன்.

"அம்மா, நான்."

துளைக்குப் பின்னால் ஒரு கண் வந்து நின்றது. திறக்கவில்லை.

"ஆர்?"

"நான்தான் அம்மா, சுகந்தி. திறவுங்கோ."

"பக்கத்தில ஆர் நிக்கிறது? பின்னால ஆரும் வருகினமோ?"

பிள்ளை கதவில் நெற்றியை வைத்து அழுதாள். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக இழுபடும் சத்தம் கேட்டது.

நேற்று உண்மையான பொலிஸ் வந்தது. அவர்களுக்கு அக்கா முதல் தட்டிலேயே திறந்தார்.