அப்பாவின் பாதித் தலை

என் அப்பா பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருக்கிற ஆள் இல்லை. கிணறு, டீக்கடை, சுடுகாட்டுப் பாதை என்று எங்கே யாரைத் தள்ளி நிறுத்தினாலும் மனுவோடு போய் நின்றுவிடுவார். எண்பதுகளின் கடைசியில் அவர் கண் நசரத்பேட்டை சலூன் மேல் விழுந்தது.

அங்கே அவருக்கு ராஜ மரியாதைதான். தெற்கேயிருந்து வந்தவர், வெள்ளை அங்கியைப் பார்த்துவிட்டு யாரும் சாதி கேட்கவில்லை. அம்மாவோ அந்த ஊர்க் காலனியில் பிறந்தவள். அவள் அண்ணன், என் மாமா, ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முடி வெட்ட மட்டும் பூந்தமல்லிக்கு பஸ் ஏறுவார். உள்ளூர்க் கத்தரி காலனித் தலையைத் தொடாது.

அந்தக் கடையில் காலனிக்காரர் தலைக்குக் கத்தரி படும்வரை தன் தலைக்கும் படாது என்று அப்பா ஆராதனையில் அறிவித்தார். சபையே ஆமென் சொன்னது. எட்டு மாதத்தில் முடி தோளைத் தொட்டது. அம்மாவின் ஹேர்பின்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பள்ளிக்கூடத்தில் என்னைச் சாமியார் பொண்ணு என்றார்கள். ஒன்பது வயதில் எனக்கு நியாயமா பெரிது? மானம் போனது.

ஒரு ஞாயிறு மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டு அப்பா குறட்டை விட்டபோது, அம்மா ஜாக்கெட் தைக்கிற கத்தரியை எடுத்தேன். இடப்பக்கம் முழுசாக முடித்தேன். கடைசி வெட்டு காது நுனியில் பட்டு, அப்பா அலறிக்கொண்டு எழுந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அதான் போச்சே, பூந்தமல்லிக்குப் போயி மிச்சத்தையும் வெட்டிக்கினு வாங்க."

அப்பா கண்ணாடியை நெடுநேரம் பார்த்தார். பிறகு மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேராகச் சலூன் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கடையில் நல்ல கூட்டம். வருகிறவர்கள் அப்பாவின் தலையைப் பார்த்தார்கள், கடைப் பலகையைப் பார்த்தார்கள். ஒரு கல்யாண மாப்பிள்ளை வந்த சைக்கிளிலேயே திரும்பிப் போனான். கடைக்காரருக்கு உயிரே போய்விட்டது.

"பாஸ்டரய்யா, இத்த நான் வெட்னேன்னு நெனச்சிக்கினு போறாங்க. உள்ள வாங்க, சரி பண்ணிடறேன்."

"எனக்கு முன்னாடி இவர் வந்தாரு," என்று மாமாவைக் காட்டினார் அப்பா.

"ஊர்க்காரங்க இன்னா சொல்வாங்களோ."

"அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன். நாளைக்கும் வரேன்."

கடைக்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் மாமாவிடம், "வாங்கண்ணே," என்றார்.

மாமா வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிறவர். கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டியதும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தால், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"காதுல பட்ருச்சா மாமா?"

"ஆமா கண்ணு. லேசா."

காதில் பட்டால் எப்படி வலிக்கும் என்று அப்பா அலறியதிலிருந்தே தெரிந்துகொண்டிருந்தேன். "பாத்து வெட்டுங்க," என்று கடைக்காரரை அதட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவைக் குனியச் சொல்லி இரண்டு காதையும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மாமா சரியான புளுகர் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.