படத்தில் விழாத வலியை நம்பிய ஜெயசீலி

விடியற்காலை பஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு, மேலப்பாளையம் பள்ளிவாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வார்டு சிஸ்டர். "காதர் பாய், சீலியக்கா போயிட்டாவ" என்றார். எதிர்பார்த்திருந்த சாவுதான். மாதக்கணக்கில் எல்லோரும் மனதைத் தேற்றி வைத்திருந்தோம். தேற்றி வைத்த மனது அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியவில்லை. வெறுங்காலோடு தெருமுனைவரை வந்துவிட்டுத்தான் செருப்புக்காகத் திரும்பினேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அறிமுகம் வேண்டாம். தெரியாதவர்கள் யாரேனும் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ஜெயசீலி பாளையங்கோட்டையில் எங்கள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட். நான் அங்கே எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுப்பவன். என் அறைக்கு நேர் எதிர் அறை அவருடையது. என்னைவிட வயதில் இளையவர், அதட்டலில் மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் எங்களுக்குள் ஒரே சண்டைதான். எலும்பு பொய் சொல்லாது, படத்தில் இருந்தால் நோய், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்பது என் கட்சி. "உங்க மிஷினுக்கு எலும்புதான் தெரியும் பாய். வீட்டுல நடக்கது தெரியுமா?" என்பார் அவர். வீட்டில் நடப்பதைப் படம் எடுக்க ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்தான் நிற்கும் என்று நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவைப்பேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் உண்டு. படம் சுத்தமாக இருந்தால், டாக்டரிலிருந்து ஆயாவரை எல்லோரும் சிரித்த முகத்தோடு "ஒண்ணுமில்ல, தைரியமா போங்க" என்போம். ஆறுதலாகத்தான் சொல்வோம். அந்த ஆறுதல் என்ன செய்கிறது என்பதைப் பாக்கியம் வந்த அன்று ஜெயசீலி காட்டினார். பாக்கியம் மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர். எஸ்டேட் வேலை முடிந்து எல்லோரும் மலையிலிருந்து இறங்கியபோது, மகனோடு மணிமுத்தாறு பக்கம் குடிவந்திருந்தார். அத்தனை வருஷம் முதுகில் சுமையோடு சரிவில் ஏறி இறங்கியபோது வராத வலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது தோளில் வந்துவிட்டது. தலைசீவக் கை தூக்க முடியவில்லை. படத்தில் எதுவும் இல்லை. "ஒண்ணுமில்லங்காவ. பெறவு என்னத்துக்கும்மா தெனமும் அழுத? எல்லாருந்தான் எறங்கி வந்திருக்காவ" என்று மகன் வராந்தாவில் வைத்தே சத்தம் போட்டான். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எதிர் அறைக் கதவு படாரென்று திறந்தது. "யாருலே சொன்னது ஒண்ணுமில்லன்னு? அவங்களுக்கு வலிக்குல்லா?" என்று ஜெயசீலி அவனைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே இந்த வராந்தாவுல அந்த வார்த்தைய யாரும் சொல்லப்பிடாது பாய். எலும்பு நல்லாருக்கு, வலிக்கு என்னன்னு பாப்போம், அப்படிச் சொல்லுங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பினா வீட்டுல அவங்க பொய்க்காரியாயிருதாங்க." எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாளிலிருந்து எல்லோரும் அப்படியே சொல்லத் தொடங்கினோம்.

பாக்கியத்தின் தோளில் ஒத்தடம் வைத்துக்கொண்டே ஜெயசீலி பேச்சுக் கொடுத்ததைத் திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மேல உங்க வீட்டு வாசல்ல நின்னா என்ன தெரியும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த அம்மாள் பனிமஞ்சு இறங்கும் நேரத்தைச் சொன்னார், அட்டைக்கடியைச் சொன்னார், பக்கத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள் இப்போது திசைக்கு ஒருவராகப் போனதைச் சொன்னார். "இங்கன கை சும்மா கெடக்கு. அதான் வலிக்கி போல" என்று சொல்லி விம்மினார். கொஞ்ச நாளில் அவருக்குக் கை தலைவரை எழும்பியது. வலி முழுக்கப் போனது என்று சொல்லமாட்டேன், ஜெயசீலியும் சொன்னதில்லை. அந்த மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். "மனசு கலங்குனா ஒடம்பு தன்னைத்தானே இறுக்கிப் பிடிச்சுக்கிடும் தம்பி. தூக்கம் போயிரும். தூக்கம் போனா சின்ன வலியும் பெருசாத் தெரியும். நடிப்பு இல்ல இது." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அடுத்த முறை அவன்தான் அம்மாவுக்குத் தலைசீவி அழைத்து வந்திருந்தான்.

எல்லாவற்றுக்கும் மனசுதான் காரணம் என்று சொல்பவரில்லை அவர். "மொதல்ல படம் பாக்கணும், டாக்டர் பாக்கணும். பெறவுதான் பேச்சு" என்பார். அதனால்தான் அவருக்கே முதுகுவலி வந்து நாள்கணக்காக நிற்காமல் இருந்தபோது, "எனக்கு மட்டும் என்ன சலுகை?" என்று சொல்லிக்கொண்டு ஸ்கேன் மேசையில் வந்து படுத்தார். நான்தான் எடுத்தேன். முதுகெலும்பு, கரையான் அரித்த மரம்போல இருந்தது. ரிப்போர்ட் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் வாய் திறக்கக்கூடாது. முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய் அவரை எழுப்பி உட்காரவைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாய், ரிப்போர்ட்டு உங்க மூஞ்சிலயே இருக்கே" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர்தான் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "போட்டும். என்னைய யாரும் நடிக்கான்னு சொல்ல முடியாதுல்லா" என்று சிரித்தார்.

அவருக்கு ஒரே அக்கா, சாத்தான்குளத்தில் இருக்கிறார். அம்மா இங்கே வார்டில் கிடந்தபோது, ஜெயசீலி ஊரில் இல்லாத ஒருநாள் பார்த்து அக்கா அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அந்த வாரத்திலேயே அம்மா இறந்துபோனார். அன்றோடு பேச்சு நின்றது. அக்காவின் முகத்தில் விழிக்க வேண்டாமென்று சொந்த ஊர் தேவாலயத்தில் ஊரே சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்குக்கூட ஜெயசீலி போவதில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, மாலையானால் வலி தாங்க முடியாமல் கூடுதலாக மாத்திரை கேட்பார். ஒருநாள், "ஊருக்கெல்லாம் பேசச் சொல்லுதீங்களே, அக்காட்ட பேசிருங்களேன்" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சிஸ்டர், அந்தக் கோபத்தில்தான் இந்த நோயே வந்ததோ என்று மெதுவாகக் கேட்டார். ஜெயசீலிக்கு வந்ததே ஆத்திரம். "புற்றுநோய்க்கு எங்க அக்காவ இழுக்காதீங்க. அது அதுபாட்டுக்கு வந்தது. என்னைத் தூங்கவிடாமப் பண்ணுததுதான் வேற" என்றார். அவர் இப்படியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அக்கா தானாகவே வந்தார். நடுப்பகல், நான் பார்க்கப் போயிருந்த நேரம். கையில் துணிப்பையோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "அம்மாவ ஏன் கூட்டிட்டுப் போன?" என்று ஜெயசீலி எடுத்த எடுப்பில் கேட்டார்.

"வீட்டுல வச்சுச் சாவணும்னு அம்மாதாம்ட்டி கேட்டா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருக்கமாட்ட. தெரபி குடுக்கேன், நடக்க வைக்கேன்னு பிடிச்சு வச்சிருப்ப."

ஜெயசீலி தலையை ஆட்டினார். "ஆமா, விட்டிருக்கமாட்டேன்" என்றார். பிறகு இருவரும் வாய்விட்டு அழுதார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். அன்று மாலை அவர் கூடுதல் மாத்திரை கேட்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்ததாக சிஸ்டர் சொன்னார். மறுநாள் நான் போனபோது ஜெயசீலியே சொன்னார்: "நோய் அங்கனயேதான் இருக்கு பாய். அது மேல ஏறி உக்காந்திருந்தது எறங்கிட்டு." அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. இருந்த நாளில் தூங்கினார். சாத்தான்குளத்தில் அம்மா பக்கத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

அந்த வாரத்திலிருந்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடரியிலிருந்து தோள்வரை இரும்பாக நிற்கிறது. படம் எடுத்தாயிற்று. என் வயதுக்கான தேய்மானம் தவிர எதுவும் இல்லை. "யார்கிட்டயாவது காட்டுங்களேன்" என்று மனைவி தைலம் தேய்த்துவிட்டுச் சொல்கிறாள். எதிர் அறைக்கு இப்போது ஒரு புதுப்பெண் வந்திருக்கிறார். நல்ல பிள்ளை. ஒத்தடம் வைத்தார். எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்கிறது என்று கேட்டார். வேறெதுவும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஜெயசீலியிடமிருந்து நீ வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், இந்த வலியைத்தான் சொல்வேன். படம் சுத்தமாக இருந்தும் இதை நான் நம்புகிறேன். இருந்திருந்தால், தன் கட்சி ஜெயித்துவிட்டதென்று வராந்தா முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். பேசினால் கொஞ்சம் இளகும் என்பது அவர் வைத்தியம். அதனால்தான் அவரை அறிந்த உங்களிடம் இவ்வளவும் பேசினேன். ஆளில்லாத மதிய நேரத்தில் என் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத ஆரம்பித்தபோது திரும்பாத கழுத்து இப்போது லேசாகத் திரும்புகிறது. வாசலுக்கு நேரே அந்த அறை. அங்கே பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.