நான் பதறவில்லை, டீச்சர்

பியானோ டீச்சர் இறந்த செய்தி வந்து நான்கு நாள் கழித்து அவருடைய மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அங்கே சர்ச்சில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். குன்னூரில் அம்மாவிடம் படித்தவர்கள் சார்பில் நான் அன்பாக இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரி தாண்டவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. கோபம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் குன்னூர் பஜாரில் குடை, மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் விற்கிற கடை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க மேலே வந்த குடும்பம். எங்கள் சொந்தத்தில் பியானோவைக் கண்ணால் பார்த்தவர்களே கிடையாது. டீச்சரின் கணவர் எஸ்டேட் டாக்டர். எஸ்டேட்டுக்கு வேண்டிய மழைக்கோட்டுகளை மொத்தமாக எங்கள் கடையில்தான் எடுப்பார். அப்படி ஒருநாள் டீச்சரும் கூட வந்தார். நான் கல்லா மேஜையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணைத் தன் வீட்டுக்கு அனுப்பும்படி அப்பாவிடம் கேட்டார். பெரிய வாடிக்கையாளர் வீட்டு அம்மாவிடம் இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. நான் பியானோ படித்த கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

எட்டு வருஷம். புதனும் சனியும் பஸ் பிடித்து எஸ்டேட் பங்களாவுக்குப் போவேன். டீச்சர் புடவைக்கு மேல் கணவரின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வறுத்த வேர்க்கடலையைக் கொறித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நன்றாக வாசித்தால் "ம்" என்பார். மிக நன்றாக வாசித்தால் கடலைத் தட்டை என் பக்கம் நகர்த்துவார். அந்தத் தட்டு நகர்வதற்காக நான் எதையும் செய்திருப்பேன். அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு மழைக்காலத்தில் தினமும் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, வாயாலேயே பாடம் பாடிக் காட்டினார். அப்படிப்பட்ட மனுஷி.

வீட்டில் எனக்குப் பியானோ ஏது? குடை வரும் அட்டைப்பெட்டியைப் பிரித்து, உட்பக்கத்தில் பியானோக் கட்டைகளை டீச்சரே வரைந்து கொடுத்தார். அதில்தான் பயிற்சி. அட்டையில் சத்தம் வராது. ஆனால் ஒவ்வொரு கட்டையையும் தொடும்போது டீச்சர் வீட்டுப் பியானோவின் சத்தம் என் தலைக்குள் அப்படியே கேட்கும். வேறு பியானோ எதையும் நான் தொட்டதில்லை. டீச்சரும் பிறர் வீட்டுப் பியானோவில் கை வைக்கமாட்டார். அடுத்தவர் அடுப்பில் சமைக்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

முந்தைய தேர்வுகள் எல்லாம் டீச்சர் வீட்டுப் பியானோவிலேயே நடந்தன; கடைசித் தேர்வுக்கு மட்டும் ஊட்டிக்குப் போனோம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தேர்வாளர், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் ஹாலில். அதில் தேறினால் அதே பள்ளியில் எனக்குச் சங்கீத உதவி ஆசிரியை வேலை என்று டீச்சர் பேசி முடித்து வைத்திருந்தார். தேறாவிட்டால் கல்யாணம் என்று அப்பா பேசி முடித்து வைத்திருந்தார்.

உட்கார்ந்தேன். முதல் கட்டையைத் தொட்டேன். தொட்ட கட்டை சரி, வந்த சுரம் சரியில்லை. எல்லாம் ஒரு பிடி மேலே ஏறி நின்றது. தெரிந்த தெருவில் எல்லா வீடும் ஒரு வாசல் தள்ளி நிற்பது போல இருந்தது. கட்டை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்து, காதை நம்பி, கையை ஒரு கட்டை இடப்பக்கம் நகர்த்தினேன். சுரம் சரியானது, விரல்கள் எல்லாம் குழம்பிப்போயின. திரும்ப முதலிலிருந்து. திரும்பவும் கை நகர்ந்தது. மூன்றாம் முறை தேர்வாளர் போதும் என்று கையைக் காட்டிவிட்டார்.

வெளியே வராந்தாவில் நின்று டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் தோளைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பதறிட்டே, கண்ணு."

அந்த ஒரு சொல் என் மேல் ஒட்டிக்கொண்டது. அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், பொண்ணு பயந்துக்கிச்சுங்க என்று. மாமியார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் இவள் பதறுகிற ஆள் என்றார்கள். கார் ஓட்டப் பழக வேண்டும் என்று கேட்டபோது கணவர் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னார். நானும் நம்பினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டாக்டர் ஓய்வு பெற்றதும் டீச்சர் குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. அதற்குச் சில வருஷம் கழித்து, அந்தப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தவர், மழைக்கு ஒதுங்கி, கல்யாணத்துக்குப் பிறகும் நான் கல்லாவில் உட்கார்ந்துவந்த அப்பாவின் கடைக்குள் வந்தார். குடை ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டே பழைய பேச்சு பேசினேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"இந்த ஊர் ஈரத்துல கம்பியெல்லாம் துருவுங்க. முழுசா முறுக்குனா அத்துப்போயிரும். அதனால எல்லாத்தையும் அரைச் சுரம் எறக்கித்தான் வெச்சிருந்தேன். அம்மாவுக்குத் தெரியுமுங்களே."

அரைச் சுரம் என்றால் பியானோவில் சரியாக ஒரு கட்டை. டீச்சருக்கு அது தெரியுமாம். எட்டு வருஷம் என் காதில் ஒரு பொய்யான சுருதியை ஏற்றிவிட்டு, வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, பதறினேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று விரித்த குடையை மடக்கத் தெரியாமல் நின்றேன்.

எனக்கு வேண்டியது ஒரு வரி. நீ பதறவில்லை என்று ஒரு வரி. கேட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பொங்கலுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று கடிதம் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. அவர் ரோஜாச் செடிகளைப் பற்றி எழுதுவார், பேரனுக்குப் பல் முளைத்ததை எழுதுவார், பக்கத்து வீட்டு நாயைக்கூட விடமாட்டார். ஒரு தடவை குன்னூருக்கே வந்தார். எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, டீயில் வர்க்கி பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டார். அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தேன். விமானத்தில் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இனி யாரிடம் கேட்பது? எழுத முடியாது என்று சொல்லிவிடலாம் என நேற்று மத்தியானம் மகளுக்குப் போன் செய்தேன். உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தேன். வாய் தானாக வேறு எதையோ சொன்னது.

"உங்கம்மா என்னையப் பதறிட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் பதறலை."

"தெரியுமுங்க அக்கா" என்றாள் அவள்.

அங்கே போன இரண்டாம் வருஷம் சர்ச்சில் வாசிக்க ஆள் வராமல் போய், டீச்சரை உட்கார வைத்திருக்கிறார்கள். இருபது வருஷமாக ஒரே பியானோவைக் கேட்ட காது. பாட்டின் நடுவில் அவர் கை இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. திரும்ப ஆரம்பித்திருக்கிறார், திரும்பவும் நகர்ந்திருக்கிறது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க எழுந்து வந்துவிட்டார். பியானோ சுருதி இறங்கியது என்று தெரிந்திருந்தவருக்கு, அது ஒரு காதை என்ன செய்யும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அழுதாராம். அந்தப் பெண் பதறவில்லை, நான்தான் அவளைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாராம்.

அப்படியானால் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வர்க்கி சாப்பிட்டபோது இது எல்லாமே அவருக்குத் தெரியும். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இறந்தவரின் மகள், துக்கத்தில் இருக்கிறவள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"அதை எனக்கு ஒரு வரி எழுதியிருந்தா என்ன?"

"நாலஞ்சு தடவை எழுதுனாங்க அக்கா. எழுதி முடிச்சுட்டு உங்க லெட்டரை எடுத்துப் படிப்பாங்க. அவ சந்தோஷமா இருக்கேன்னு எழுதியிருக்கா, இதைப் போயி எதுக்குக் கெளறறதுன்னு கிழிச்சுப் போட்டுருவாங்க."

உண்மைதான். அப்படித்தான் எழுதியிருந்தேன், அத்தனை வருஷமும், ஒரு கடிதம் விடாமல்.