தும்மல் இருந்த இடத்தில் ஓர் ஆடு

அந்த வருடங்களில் நான் நடத்திய இணையதளத்தில் கடல் இருக்காது. திருகோணமலையில் இருந்துகொண்டு கடல் இல்லாமல் படம் எடுக்க ஒரு பட்டியல் வேண்டும், என்னிடம் இருந்தது. துறைமுகம் கூடாது. துறைமுகம் தெரியும் எந்த மேட்டிலும் கமெராவோடு ஏறக் கூடாது. காவலரண், மணல்மூட்டை, சீருடை, பாலம், கோபுரம், வாகன இலக்கத்தகடு ஒன்றும் கூடாது. பொழுதுபட்ட பிறகு கமெராவை வெளியில் எடுக்கவே கூடாது. இவற்றைக் கழித்து மிஞ்சியதை எடுத்தேன். ஒவ்வொரு படத்தையும் அறுநூற்று நாற்பது புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, கோப்புக்கு ஒழுங்கான பெயர் வைத்து ஏற்றினேன்.

கணினியில் டிப்ளோமா முடித்து, நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு சாம்பல்தீவில். பின்னேர வகுப்பு முடிவதற்கும் என் பஸ் வெளிக்கிடுவதற்கும் இடையில் நாற்பது நிமிடம் கிடைக்கும். அந்த நாற்பது நிமிடமும் நிலையத்தின் தொலைபேசி இணைப்பும்தான் என் பொழுதுபோக்கு. ஒரு படத்தளம், ஒரு வலைப்பதிவு. இரண்டுக்கும் ஒவ்வொரு வரியையும் நானே எழுதினேன். தெரியாத ஊரிலிருந்த ஒரு நிறுவனம் இலவசமாகக் கொஞ்சம் இடம் தந்திருந்தது. அந்த இடத்தில்தான் படங்கள் எல்லாம் இருந்தன.

அப்போது தமிழில் இருந்த மற்றத் தளங்களில் பெரும்பாலானவற்றை என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்க ஏலாது. திறந்தவுடன் பாட்டு. மேலே ஒரு செய்தி ஓடும், கீழே இன்னொன்று அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடும். நடுவில் எரிகிற மெழுகுதிரி. மூன்றே மூன்று படங்களை மாற்றி மாற்றிக் காட்டுவதால் அது எரியாது, விக்கும். சொன்ன எழுத்துருவை இறக்காவிட்டால் பக்கம் முழுக்க எழுத்துக்குப் பதில் பூச்சி. அடியில் "இதுவரை வருகை தந்தோர்" என்று ஓர் எண். பக்கத்தை நீங்களே திரும்பத் திரும்பத் திறந்தால் அதுவும் ஏறிக்கொண்டே போகும். நடத்தியவர்கள் தூரதேசங்களில் வேகமான இணைப்போடு இருந்தார்கள். எங்களுக்கு அந்த மெழுகுதிரி இறங்கி முடியவே ஐந்து நிமிடம் எடுத்தது. எங்களுக்காக ஏற்றிய மெழுகுதிரி என்று வேறு எழுதியிருப்பார்கள்.

என் தளத்தில் ஒரு படம் இருந்தது. சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில் எடுத்தது. எங்கள் ஊரில் சிறிய வள்ளம் வைத்து மீன்பிடிக்கும் ஓர் அண்ணை வலை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தும்மப் பார்த்தார். முகம் வானத்தைப் பார்க்க, கண்கள் இறுக மூடியிருக்க, வாய் பிளந்து, இரண்டு கைகளும் மார்புக்கு முன்னால் விரிந்து நிற்கிற கணம். தும்மல் இன்னும் வரவில்லை. "தும்மலுக்கு முன்" என்று பெயர் வைத்து ஏற்றினேன். நான் எடுத்ததில் அதுவே திறமான படம் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சண்டை திரும்பத் தொடங்கிச் சில மாதங்களுக்குப் பிறகு, அந்த ஒரு படத்தின் கணக்கு மட்டும் ஏறியது. இடம் தந்த நிறுவனம் எந்தப் படம் எத்தனை தரம் பார்க்கப்பட்டது என்று காட்டும். மற்றவற்றுக்கு ஒற்றை இலக்கம், தும்மலுக்கு நாலு இலக்கம். எங்கிருந்து வந்து பார்க்கிறார்கள் என்று அது காட்டாது. நானும் தேடவில்லை. ரசனையுள்ளவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன். அவ்வளவு படித்தவள் எண்ணவேண்டிய எண்ணம் அல்ல அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணையின் மனைவி எங்கள் படலைக்கு வந்தார். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கதிரை எடுத்துப் போட்டேன், இருக்கவில்லை.

"பிள்ளை, நான் செத்துப்போனனாம். உங்களுக்குத் தெரியுமோ?"

சுவிஸிலிருந்த அவருடைய தம்பி கடைக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான். அக்கா போய்க் கதைத்தால் அவன் அழுதுகொண்டு அத்தானைக் கூப்பிடச் சொல்கிறான். நான்தான்டா அக்கா கதைக்கிறன் என்றதும், நீங்கள் யார், ஏன் இப்படி விளையாடுகிறீர்கள் என்று ஏசியிருக்கிறான். ஒரு தளத்தில் அத்தானுடைய படத்தைப் போட்டு, குண்டுவீச்சில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்துக் கதறும் தந்தை என்று எழுதியிருந்ததாம். இருப்பதே இரண்டு பிள்ளைகள் என்று அக்கா சொன்னபிறகுதான் அவன் நம்பினானாம்.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் அக்கா வந்தது அதற்கல்ல. கடலுக்குப் போவதற்கான பாஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதிய பாஸுக்கான படிவம் மீனவர் சங்கத்துச் செயலாளரின் கையெழுத்தோடுதான் கடற்படை முகாமுக்குப் போகவேண்டும். இவர் எந்தச் சோலியிலும் இல்லாதவர் என்று செயலாளர் பொறுப்பெடுக்கிற கையெழுத்து அது. கடையில் நடந்த கதை செயலாளரின் காதுக்கும் போய், அவர் நகரத்து நெற் கபேயில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். அந்தப் படம் அங்கே இருக்கும்வரை தன்னால் ஏலாது, நாளைக்கு முகாமில் யாராவது அதைக் கண்டால் தன் கழுத்தும் சேர்ந்து போகும் என்று சொல்லிவிட்டாராம். பாஸ் இல்லாமல் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ள ஏலாது. முகம் அப்படி ஒரு தளத்தில் இருப்பதால் அண்ணைக்கு வேறு என்னென்ன வரலாம் என்பதை அக்காவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தளத்தைத் திறந்தேன். எனக்குப் பிடிக்காத எல்லாம் ஒன்றும் குறையாமல் இருந்தன: பாட்டு, ஓட்டம், விக்கல். நடுவில் அண்ணை. கீழே நாற்பதுக்கு மேற்பட்ட கருத்துகள். ஐயோ எங்கள் உறவே. இந்தக் கண்ணீருக்குப் பதில் சொல்லும் காலம் வரும். இந்தத் தந்தையின் முகத்தைப் பார்த்து மூன்று நாள் சாப்பிடவில்லை. அண்ணையின் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அதைக் கவனித்த ஒருவரும் அந்த நாற்பது பேரில் இல்லை.

தளக்காரருக்கு மின்னஞ்சல் எழுதினேன். படம் என்னுடையது, அந்த மனிதர் தும்மினார், குடும்பம் உயிரோடு இருக்கிறது, உங்கள் பக்கத்தால் அவருடைய தொழில் போகப்போகிறது, எடுத்துவிடுங்கள். ஐந்து வரி. மறுநாள் இரண்டு திரைக்குப் பதில் வந்தது. "தங்கச்சி" என்று தொடங்கி, என் வயதையும் அனுபவமின்மையையும் மன்னித்து, தனி ஆளைப் பாக்காதேங்கோ, இனத்தைப் பாருங்கோ என்று விளங்கப்படுத்தியிருந்தார். படம் உண்மையோ பொய்யோ என்பது முக்கியமில்லையாம், அது சொல்லும் செய்தி உண்மையாம். அந்தப் படம் சொன்ன ஒரே செய்தி அன்று அண்ணைக்குத் தடிமன் என்பதுதான். முடிவில் என்னைத் தங்கள் திருகோணமலை நிருபராக நியமித்திருந்தார். நான் தரும் படங்களை நல்ல தரத்தில், பெரிதாக அனுப்பவேண்டுமாம்.

கோபம் வந்தால் நான் கத்துகிறவள் அல்ல. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து வரி வரியாக வாசித்தேன். ஒருவருடைய அசட்டுத்தனத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. படத்தின் முகவரி இருந்த வரியில் என் பெயரிலான இடம் இருந்தது. இந்த மனிதர் என் படத்தைக் களவெடுத்துத் தன் இடத்தில் வைக்கக்கூட இல்லை. என் இடத்திலிருந்த கோப்பைச் சுட்டி ஒரு வரி எழுதியிருந்தார், அவ்வளவுதான். அவருடைய பக்கத்தை யார் திறந்தாலும் படம் என்னிடமிருந்துதான் போனது. அயல்வீட்டு அடுப்பில் வேகும் சோற்றைத் தன் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். அடுப்பில் என்ன வேகவேண்டும் என்பது என் கையில் இருந்தது.

என்ன செய்யலாம் என்று நான்கு வழிகளை எழுதிப் பார்த்தேன். கோப்பை அழித்தால் அந்த இடத்தில் வெறும் பெட்டி தெரியும், யாராவது சொல்லிக்கொடுப்பார்கள், அவர் எங்காவது பிரதி தேடிப் பிடித்துத் தன் இடத்திலேயே வைத்துவிடுவார். "இது களவு" என்று எழுதிப் போட்டாலும் அதுதான் நடக்கும். முகத்தை மட்டும் மறைத்தால் யாரையோ மறைக்கிறார்கள் என்று இன்னும் பெரிய கதை வரும். நாலாவது, அதே பெயரில், அதே அளவில், அதே நிறத்தில் வேறொரு படம். அவர் தன் பக்கத்தைத் திரும்பப் பார்க்கிறவர் அல்ல என்று நினைத்தேன். பார்த்தாலும் அவருடைய கணினி முன்பு இறக்கிய படத்தைச் சேமித்துவைத்திருந்து அதையே காட்டும்.

நிலாவெளி வீதியில் ஒரு மதகின்மேல் நின்று கத்திய ஆட்டின் படம் ஒன்று என்னிடம் இருந்தது. தலை வானத்தைப் பார்க்க, கண் மூடி, வாய் பிளந்து நின்றது. புதன்கிழமை பின்னேரம் ஆடு அண்ணையின் இடத்துக்குப் போனது.

வியாழக்கிழமை அக்காவையும் செயலாளரையும் நெற் கபேக்கு வரச்சொன்னேன். செயலாளர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். முன்பு பார்த்த அதே கணினியில் இருந்து, அதே பக்கத்தைத் திறந்தார். பாட்டு வந்தது. மெழுகுதிரி வந்தது. அண்ணை வந்தார்.

"இருக்குத்தானே," என்றார் செயலாளர். கையைப் பையின்மேல் வைத்துக்கொண்டார்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இந்தக் கணினியும் பழைய படத்தைச் சேமித்துவைத்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, சேமிப்பை அழித்துப் பக்கத்தைத் திரும்ப வரவழைத்தேன். படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கீற்றாக இறங்கியது. முதலில் வானம். பிறகு கொம்பு.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தலைப்பை வாசித்தார். கருத்துகளையும் வாசித்தார். முந்தைய நாளுக்குப் பிறகு புதிதாக மூன்று சேர்ந்திருந்தன. அதில் ஒன்று, இந்தத் தந்தையின் கண்களில் நம் வரலாறு தெரிகிறது என்றது.

"ஆட்டைப் பாத்தே எழுதியிருக்கினம்?"

"ஓம்."

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "ஆடு எண்டாப் பிரச்சினை இல்லை," என்று சொல்லி, விசைப்பலகைக்கு மேலேயே படிவத்தை விரித்துக் கையெழுத்து வைத்தார். மனிதன் கதறினால் அவருக்குப் பயம், ஆடு கதறினால் பயமில்லை. அந்த மட்டில் அவருடைய வீரம் முடிந்தது. வெள்ளிக்கிழமை படிவம் முகாமுக்குப் போனது. அடுத்த கிழமை பாஸ் வந்தது.

பாஸ் வந்த அன்று அக்கா திரும்ப வந்தார். இந்தமுறை கதிரையில் இருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, தளக்காரரைப் பற்றி எனக்கிருந்ததை எல்லாம் சொன்னேன். அவருடைய இரண்டு திரைக் கடிதம், நிருபர் நியமனம், கேட்காமல் எடுத்துப் போடுகிற துணிவு. அக்கா முழுக்கக் கேட்டார். மாட்டைப் போட்டிருக்கலாம், ஆடு கேவலம் என்று அண்ணை சொல்கிறார் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவன் உங்களிட்டக் கேக்கேல்லை எண்டு கோவம். நீங்கள் எங்களிட்டக் கேட்டனீங்களோ, பிள்ளை?"

தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தொடவில்லை.

"அவர் தும்மினதை ஊரெல்லாம் பாக்கவேணும் எண்டு ஆர் அழுதது? உங்களிட்ட இல்லாட்டி அவனுக்கு எங்காலை வரும்?"

மறுநாள் பின்னேரம் என்னோடு பயிற்சி நிலையத்துக்கு வந்து, பக்கத்தில் இருந்து, தும்மலோடு சேர்த்து நான் எடுத்திருந்த அண்ணையின் படங்கள் ஆறையும் என்னைக்கொண்டு அழிப்பித்தார். தளத்திலிருந்து அழித்தது போதாது, கணினியிலிருந்தும் வேண்டும் என்றார். கணினிக்குள் இருக்கும் குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொன்னார். அப்படி ஒன்று இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பிறகு மற்றப் படங்களைக் காட்டச் சொன்னார். சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கும் பெண். மதிலோரம் நித்திரையாகிவிட்ட கிழவர். இறக்கக்கண்டியில் வலையிலிருந்து மீன் பொறுக்கும் நாலு பேர். ஒவ்வொன்றுக்கும் "இவைக்குத் தெரியுமோ?" என்ற ஒரே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். சில தரம் கழித்துக் கேட்பதை விட்டுவிட்டார். திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று இரவு வீட்டில் ஒரு பட்டியல் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு முகங்கள். பெயர் தெரிந்தவை முப்பத்தொன்று. தேடிப்போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் பத்தொன்பது பேர். அந்த நேரத்தில், கமெராக்காரி வந்து, உங்கள் படம் இணையத்தில் இருக்கிறது, விருப்பமா என்று படலையில் நின்று கேட்டால் யாரும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. முகம் உள்ள எல்லாவற்றையும் ஒரு கிழமைக்குள் தளத்திலிருந்து அகற்றினேன்.

தளக்காரர் ஆட்டைக் கண்டுபிடிக்க ஏழு கிழமை எடுத்தது. துரோகி என்று பெரிய எழுத்தில் எழுதினார்.

தளத்தில் மிஞ்சியவை பொருட்களும் விலங்குகளும்தான். புதிதாக எடுத்ததும் அப்படித்தான். ஒருநாள் ஒரு கலியாண வீட்டுக்குப் போனபோது, வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்புகளை எடுத்து ஏற்றினேன். ஐம்பது அறுபது சோடி இருக்கும், வெயில் நன்றாக விழுந்திருந்தது. தலைப்பு வைக்கவில்லை. மூன்றாம் நாள், இலக்கியம் எழுதுகிறவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர் தூரதேசத்திலிருந்து நீண்ட கருத்து ஒன்று அனுப்பியிருந்தார். அண்மைக்காலமாக என் படங்களில் மனிதர்களே இல்லை என்பதைத் தான் கூர்ந்து கவனித்துவருவதாகவும், வெறிச்சோடிய நிலம் தன்னை உலுக்கிவிட்டதாகவும், இனித் திரும்பி வராத கால்களுக்காக அந்தச் செருப்புகள் காத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கால்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் உள்ளே பந்தியில் இருந்தார்கள். சாம்பாறில் உப்பு இல்லை என்று மாப்பிள்ளையின் பகுதியார் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டேன், உண்மையில் உப்புக் குறைவுதான்.