குமரேசன் அண்ணன் இறுக்கிய போல்ட்டுகள்

செய்தி வந்தபோது பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தேநீருக்கு நின்றிருந்தேன். மல்லிகா அண்ணியின் குரல் நிதானமாகவே இருந்தது. "தம்பி, அண்ணன் காலைல எந்திரிக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு." நம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற குமரேசன் அண்ணனை உங்கள் எல்லாருக்கும் தெரியும். வலி தெரியாமல் போனாரே என்று ஒரு ஆறுதல். அடுத்த நொடி, ஐயோ, அந்த இஞ்சின் என்னவாயிற்று என்ற நினைப்பு.

தீவுப் பக்கம் ஜெலுத்தோங்கில் தன் வீட்டு முன்வாசலில் பழைய காரின் இஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். பேரப்பிள்ளையைக் கடல் பாலம் தாண்டித் தன் காரில்தான் அழைத்து வருவேன் என்று ஒரே பிடிவாதம். "பட்டறையில விட வேண்டியதுதானே அண்ணே?" என்றால், "என் பேரப்பிள்ளை ஏறப்போற வண்டி லா இது, நானே இறுக்கணும்" என்பார். இஞ்சினின் தலைப்பகுதி போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டுமாம். அதற்கென்றே ஒரு ஸ்பேனர்; இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் 'டக்' என்னும். கடைசிச் சுற்று முடிந்த போல்ட்டுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைப்பார், அடையாளத்துக்கு.

அங்கேதான் வந்தது வினை. பாதி போல்ட்டுகள் முடிந்திருந்த சமயம் ஆயுத பூஜை. அண்ணி பக்தியோடு ஸ்பேனர், ஜாக்கி, கார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். போல்ட்டுகளையும் விடவில்லை! எது முடிந்தது, எது முடியவில்லை என்று இனி யாருக்குத் தெரியும்? நானாக இருந்தால் வீடே இரண்டாகியிருக்கும். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாமியே வந்து இறுக்குனாலும் வரிசையாத்தான் இறுக்கணும்மா" என்று சொல்லி, எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அதன்பின் அடையாளத்துக்கு அண்ணியின் ரோஜா நிற நகப்பூச்சு. வேலை பாதியில் நின்றாலும் மேல்மூடியை மாட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அதனால்தான் அவர் போனபோது எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூடி மாட்டியிருந்தது. உள்ளே முடித்தாரா, பாதியில் விட்டாரா?

கருமாதி முடிந்த வாரம் பேத்தி பிறந்தாள். "அந்தக் கார்லதான் தம்பி கூட்டிட்டு வரணும். அவரு ஆசை" என்றார் அண்ணி. அரைகுறையாக இறுக்கியிருந்தால் பாலத்தின் நடுவில் புகை கக்கி நின்றுவிடும். அண்ணன் கடைசியாகச் செய்த வேலைக்கு அப்படி ஒரு பெயரா வரவேண்டும்?

மூடியைக் கழற்றினேன். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ரோஜா நிறப் பொட்டு. ஒன்றுகூட விடுபடவில்லை. அப்போதுதான் ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. மெதுவாகத் திரும்பினேன்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல நீங்க எதுவும் கை வைக்கலையே?"

"சத்தியமா இல்ல தம்பி! அந்தப் பாட்டிலை அவரு என் கண்ணுலயே காட்டல."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். இறப்புக்குப் பின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு இருவரும் அழுதோம்.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து, மீதிப் பாகங்களைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்துச் சரி என்றார். போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஓட்ட, அண்ணி பின்னால் மகளோடும் குழந்தையோடும், நான் முன்னால் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்தபடி. பாலத்தின் மேட்டிலும் முள் அசையவில்லை. குழந்தை அசந்து தூங்கியது.

குங்குமத்தால் பாழான வேலையைப் பார்த்து அன்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு அது போதும். பாலம் இறங்கியதும் வாய்விட்டே சொன்னேன்: "அண்ணே, முடிச்சிட்டுத்தான் போயிருக்கீங்க."