தீட்டோடு கூப்பிட்டபோதும் ஆத்தா கேட்டாள்

மாரியம்மனை நம்பியிருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம். இதை எழுத எனக்குப் பல வருஷமாகத் தைரியம் வரவில்லை. நடந்ததில் பாதியைச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். மீதியைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பீர்கள். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் இலங்கை மலையகத்தில், டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். என் இரண்டாவது பிள்ளை ஆடி மழையில், ஆஸ்பத்திரியில் பிறந்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குக் கொண்டுவந்ததும், வீட்டுக்காரரின் அம்மா, என் மாமி, மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினார். மறுநாளும் பிள்ளை மஞ்சளாகவே இருந்தாள்.

"பூசுன மஞ்ச தானே, ரெண்டு குளிப்புல போயிரும்" என்றார் மாமி. நானும் நம்பினேன். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாள். தொல்லை தராத பிள்ளை என்று சந்தோஷப்பட்டோம்.

வீடு பார்க்க வந்த மருத்துவமாது பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார்.

"இது பூசுன மஞ்ச இல்லம்மா. உள்ளுக்குள்ள இருந்து வர்ற மஞ்ச. ஓட்டோவ கூப்பிடுங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தின் கீழே போட்டார்கள். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கறுப்புக் கடதாசியில் சுற்றி ரத்தம் சோதிக்கிற லெப்புக்கு அனுப்பினார்கள். வெளிச்சம் பட்டால் மஞ்சளின் அளவு குறைவாகக் காட்டிவிடுமாம். என் ரத்தமும் அவள் ரத்தமும் சேரவில்லை, அவளுடைய ரத்தம் உள்ளேயே உடைகிறது என்றார் டொக்டர். ஹீமோகுளோபின் இறங்குகிறதாம். உடைந்த ரத்தத்திலிருந்து வரும் பிலிருபின் என்கிற மஞ்சள் ஏறுகிறதாம். இன்னும் ஏறினால் அது மூளையைத் தாக்கும், காது கேட்காமல் போகலாம், உடம்பில் உள்ள ரத்தத்தையே மாற்ற வேண்டி வரும் என்றார். அடுத்த பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவு.

அதற்காக எடுத்த ரத்தத்தை லெப்பில் திருப்பிவிட்டார்கள். எடுக்கும்போதே ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன, அளவு சரியாக வராது என்று. மறுபடியும் அதே குதிகால். பிள்ளை அழக்கூட இல்லை. காலை மட்டும் இழுத்துக்கொண்டாள். பெற்றவள் நான் பக்கத்தில் நின்றேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

கும்பிடவும் வழியில்லை. பிள்ளை பெற்ற தீட்டு. வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. வீட்டுக்காரர் கோயில் படி மிதிக்க முடியாது. மாமி போனில் அழுதார்.

"வாயால பேரு சொல்லிறாத புள்ள. தீட்டோட கூப்பிட்டா ஆத்தா கோவிச்சுக்குவா."

குவித்த கையை இறக்கிவிட்டேன். அங்கிருந்த சிங்களத் தாதி அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன் அம்மா, பாதியில நிப்பாட்டினது?"

"தீட்டு மிஸ்ஸி. சாமி பேரு சொல்லக் கூடாது."

அவர் பிள்ளையின் கண்கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "எனக்கு தெனமும் புள்ள பெறுற எடத்துல தானே வேலை. அப்ப பென்சன் போற வரைக்கும் எனக்கு கும்பிட ஏலாதே."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. லெப் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் சேலையில் ரத்த வாடை. வாய் திறந்தே கூப்பிட்டேன். ஆத்தா, மாரியாத்தா, தீட்டுக்காரி கூப்பிடுறேன். கோவம் இருந்தா என் மேல காட்டு. புள்ளைய விட்டுரு. நேர்த்திக்கடன் வைக்கக்கூடத் தோன்றவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. டொக்டர் ஒருமுறை பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"ஏறல. நின்னிருக்கு."

அடுத்த பரிசோதனையில் இறங்கியிருந்தது. ரத்தம் மாற்றவில்லை.

அந்த நீல வெளிச்சம்தான் காப்பாற்றியது என்பார்கள். நான் மறுக்கவில்லை. அத்தனை கைகளையும் நடத்தினவள் ஆத்தா என்கிறேன். அதற்குப் பிறகு எந்த நிலையிலும் அவளைக் கூப்பிட நான் பயந்ததில்லை. நீங்களும் பயப்படாதீர்கள். பிள்ளைக்கு மஞ்சள் கண்டால் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஓடும்போதே அவளைக் கூப்பிடுங்கள்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். டொக்டர் காதைப் பற்றிச் சொன்னது நினைவு வந்து, சில நேரம் பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிப் பார்ப்பேன். "என்னம்மா, சும்மா சும்மா கூப்பிடுறீங்க?" என்று திரும்புவாள்.

தீட்டு என்ற இடத்தை விட்டுவிட்டுச் சொல்லும்படி கோயில் கமிட்டியில் ஒருவர் கேட்டார். அதை எடுத்தால் ஆத்தா செய்தது பாதியாகிவிடும். இதை வாசிக்கிற நீங்கள், நான் எழுதினபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். லயத்தில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளுக்கு முதலில் சொல்லுங்கள்.