அட்டையில் வந்த பேர்

கல்முனை பஸாரில் அப்போது எனக்கொரு ரெக்கோடிங் பார் இருந்தது. கசெற்றில் பாட்டு அடித்துக் கொடுக்கும் கடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். சினிமாப் பாட்டால்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. இந்தியாவில் படம் திரைக்கு வருமுன்னே பாட்டு கொழும்புக் கம்பனிக்கு வந்துவிடும். அவர்கள் கசெற் அடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். ஒரு நிபந்தனையும் கூடவே வரும்: புதுப் படப் பாட்டு வேண்டுமென்றால், ஓடாத கசெற்றுகளிலும் ஒரு கட்டு எடுக்க வேண்டும்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக் காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பெட்டி உடைக்கிறபோதெல்லாம் எட்டிப் பார்ப்பார். "என்னடா, பொண்ணோட சேத்து மாமியையும் அனுப்பிட்டானுகளா?" என்பார். மாமியார் வீட்டில் குடியிருக்கும் மனுசன் அவர். அனுபவத்தில் வந்த பேச்சு.

அந்த வரிசையில் மூன்றாவது கடை என் கூட்டாளியுடையது. சிநேகிதன்; தையல்காரன். நபி பிறந்த மாதத்தில் பன்னிரண்டு நாளும் பள்ளிவாசல் முன்றலில் றபான் மேளம் அடித்துப் பாட்டுப் படிப்பவன் அவன்தான். சொல்லும் அவனுடையது, மெட்டும் அவனுடையது. சினிமா மெட்டில் படிக்கச் சொல்லி யாரும் கேட்டால், "ரசூலுல்லாவப் புகழ கதாநாயகன்ட வாயக் கடன் வாங்கணுமா?" என்பான். வருசம் முழுக்க மற்றவர்களின் சேட்டுக்குப் பொத்தான் தைத்தவனுக்கு அந்தப் பன்னிரண்டு நாள்தான் கிரீடம்.

அவனை ஊர் தாண்டிக் கேட்கவைக்க வேண்டும் என்பது என் ஆசை. அவன் குரலைக் கடையில் பதிந்தேன். ஆறு பாட்டையும் கொப்பியில் எழுதி வாங்கினேன். கொழும்புக்குப் போனேன். அந்த யுத்த நாளில் வழியெல்லாம் இறங்கி ஏறிச் சோதனை. ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் அந்தக் கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் பிள்ளையைக் கைமாறக் கொடுத்தவன்போல நின்றேன்.

கம்பனி முதலாளி அரைப் பாட்டோடு நிறுத்தினார்.

"தம்பி, எங்களுக்கு விளம்பரம் படந்தான். தியேட்டர்ல ஓடுது, ரேடியோவுல ஓடுது, பஸ்ஸுல ஓடுது. இவருக்கு என்ன ஓடுது?"

"தையல் மெசின்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பாட்டுப் பிடித்துப்போனதாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு கடதாசி நீட்டினார். பாடல்களைத் தேவைக்கேற்றபடி ஒலிப்பதிவு செய்யும் உரிமை கம்பனிக்கே என்று அதில் ஒரு வரி. வாசித்தேன். விளங்கவில்லை. விளங்கியதுபோலத் தலையாட்டினேன். நான் பிடிவாதம் பிடித்தது வேறொன்றுக்கு. இப்படியான கசெற்றுகளின் அட்டையில் பள்ளிவாசல் படம் இருக்கும், கம்பனிப் பேர் இருக்கும்; ஆளின் பேர் இருக்காது.

"அவன்ட பேர் பெரிசா வரணும் முதலாளி."

"பேர்தானே? போட்டாப் போச்சு."

கூட்டாளிக்காக நான் கையெழுத்து வைத்தேன்.

இரண்டு மாதத்தில் புதுப் படப் பெட்டியோடு கூட்டாளியின் கசெற்றும் ஒரு கட்டாக வந்தது. ஒன்றை எடுத்து மெசினில் போட்டேன். குரல் யாரோ ஒரு கொழும்புப் பாடகருடையது. மெட்டு, போன வருசம் தெருவெல்லாம் கேட்ட காதல் பாட்டுடையது. கதாநாயகி மழையில் நனைந்த அந்த மெட்டுக்குள் நபிக்கு என் கூட்டாளி எழுதிய சலவாத்து. ஆறு பாட்டும் அப்படித்தான். அட்டையில் அவன் பேரும் ஊரும் கொட்டை எழுத்தில்.

முதலாளிக்கு டெலிபோனில் கோல் எடுத்தேன். "அந்த மெட்டெல்லாம் சனத்துக்கு ஏற்கெனவே பாடம், தம்பி" என்றார். "புது மெட்டப் பழக்க யாரு படம் எடுத்துத் தருவா?"

கூட்டாளி அளக்கிற நாடா கழுத்தில் தொங்க வந்து, நின்றபடியே கேட்டான்.

"சொல்லு எண்ட. படிக்கிறவன் ஆருடா? நீ என்னத்துக்குக் கையெழுத்து வெச்ச?"

"ஒண்ட பேருக்குத்தான் மச்சான்."

அவன் அட்டையிலிருந்த தன் பேரை விரலால் தடவிவிட்டுத் தன் கடைக்குப் போனான்.

நபி புகழ் சினிமா மெட்டில் வந்ததை விசாரிக்க, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் மரைக்கார்மார் கூடினார்கள். எங்கள் ஊரில் தாய்வழியே குடி, குடிக்கொரு தலைவர்; அவர்தான் மரைக்கார். ஒருவன் பிழைவிட்டால் அவன் குடி மரைக்காரிடந்தான் கேள்வி. அவனுடைய மரைக்கார் அவன் தாய்மாமன். நான் வேறு குடி. அட்டையில் என் பேரும் இல்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகக் கூடாது என்று எனக்கு நானே பத்வா கொடுத்துக்கொண்டு கடையில் குந்தியிருந்தேன்.

தேத்தண்ணிக் கடைக் காக்கா வந்து சொன்னார்: "மாமன் தலையக் குனிஞ்சிட்டு இரிந்தாரு. அவன் 'பாட்டு எண்டதான்' எண்டு மட்டும் செல்லினான். இந்த வருசம் அவன் படிக்கப்படாதாம். ஒன்னப் பத்தி ஒரு சொல் கதைக்கல்ல. சந்தோசமா இரி."

அவர் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்தது.

மறுநாள் சவர பிளேட்டை எடுத்து, ஒவ்வொரு அட்டையாக அவன் பேரைச் சுரண்டத் தொடங்கினேன். ஏழோ எட்டோ முடித்திருப்பேன். அவன் வாசலில் நின்றான்.

"விடு. பேரையும் சுரண்டினா சொல்லும் அவனுகள்டயாப் போயிரும்."

"மரைக்கார்மாரிட்ட நான் வந்து செல்லுறன் மச்சான்."

"இப்பயா?" என்றான். ஏச்சாகக்கூடச் சொல்லவில்லை, நேரம் கேட்டதுபோலக் கேட்டுவிட்டுத் தன் மெசினுக்குப் போய்விட்டான்.

இப்போது நினைத்தாலும், அந்த நிமிசமே எழும்பி அவன் பின்னால் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. கட்டைத் திருப்பி அனுப்பினால் படப் பாட்டு வராது. படப் பாட்டு வராவிட்டால் கடை இல்லை. அட்டைகளைச் சுவர் ராக்கையில் விற்பனைக்கு அடுக்கினேன்.

அடுத்த கிழமை சம்மாந்துறை ஆள் ஒருவர் அதிலொன்றைப் போடச் சொல்லிக் கேட்டார். தலையை ஆட்டி ரசித்தார். அட்டையைத் திருப்பி வாசித்தார்.

"உங்கட ஊர்க்காரர்தானா படிக்கிறது? நல்ல குரல்."

"ஓம்" என்றேன். கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன்.